ஐந்தரை மீட்டர் சான்றிதழ்

நீச்சல் குளத்து உயிர்காப்பாளர் ஒருவரை எங்கள் கழகம் ஏழு மாதம் கோல்கீப்பர் பயிற்சியாளராக வைத்திருந்தது. அவருடைய சான்றிதழைச் சரிபார்த்தவன் நான். பெரிய முத்திரை, தங்க ஓரம், டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து. இவ்வளவும் இருக்கும்போது நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன். அந்த ஏழு மாதமும் எங்கள் கீப்பர்கள் வாங்கிய கோலுக்கு அளவில்லை. ஆனால் ஒருவர்கூடத் தண்ணீரில் மூழ்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரன். ஒரு சின்னக் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். உயிர்காப்பாளரை வழியனுப்பிய பிறகு அந்த வேலைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று கோலாலம்பூர்க்காரருடையது, தலையணை கனத்துக்குக் கோப்பு. இன்னொன்று தமிழ்நாட்டில் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூர் என்ற ஊரிலிருந்து வந்தது. தாமோதரன் என்று பெயர். ஒரே ஒரு கடிதம், ஒரு புகைப்படம், இரண்டு உரிமத்தின் நகல்.

எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை நீயே போய்ப் பாரு லா. காகிதத்தை நம்பாதே, ஆளைப் பாரு. ஆளையும் நம்பாதே, காகிதத்தைக் கொண்டு வா."

இந்த உத்தரவை எப்படி நிறைவேற்றுவது என்று விமானத்தில் முழு நேரமும் யோசித்தேன். விளங்கவில்லை. விளங்காதது அது மட்டுமல்ல. பயிற்சியாளர் உரிமங்களில் 'டி' தான் முதல் படி. ஏற ஏற சி, பி, ஏ என்று போகும். என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டையும் இந்த முறையில் படித்திருந்தால் அப்பா என்னை அத்தனை அடி அடித்திருக்க மாட்டார். கோல்கீப்பிங்குக்குத் தனி உரிமம். அதற்கு எழுத்து இல்லை, எண். அதில் ஒன்றுதான் சின்னது, இரண்டு பெரியது. ஆக எழுத்தில் பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும், எண்ணில் முன்னாலிருந்து பின்னால் போகவேண்டும். தாமோதரனிடம் ஒரு 'டி'யும் ஒரு 'ஒன்று'ம் இருந்தன. அவர் ஏறிக்கொண்டிருக்கிறாரா இறங்கிக்கொண்டிருக்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

உரிமங்கள் உண்மையானவைதான் என்று விசாரித்துவிட்டோம். இல்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு பருவம் முழுக்க ஒரு கீப்பருக்குக் கொடுத்த பயிற்சியின் பதிவேடு. அது இல்லாமல் செயற்குழு கையெழுத்துப் போடாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்குள் பதிவேடு வராவிட்டால் வேலை தலையணைக் கோப்புக்காரருக்கு.

என் மனைவியின் நிபந்தனை இன்னும் எளிமையானது. "ஆரணிக்கே போறீங்க. சேலை இல்லாம வந்தா வாசல்லயே நில்லுங்க."

சென்னையில் நான் தங்கிய லாட்ஜ் சேத்துப்பட்டில் இருந்தது. காலையில் பசியாறிவிட்டு, அதாவது இட்லி வடகறி என்ற பெயரில் எனக்கு முன்னால் வைக்கப்பட்ட எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஆரணி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் தூங்கினேன். வடகறிக்கு அந்தக் குணம் உண்டு போலிருக்கிறது. கண் விழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடைப் பலகையில் 'சேத்துப்பட்டு' என்று எழுதியிருந்தது. அடுத்த பலகையிலும் அதே. நான்கு மணி நேரம் பயணம் செய்து லாட்ஜ் வாசலுக்கே திரும்பிவிட்டேன் என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது.

நடத்துநரிடம் போய், "ஏன் பஸ்ஸைத் திருப்பிவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"இது மெட்ராஸ் சேத்துப்பட்டு இல்லீங்க. செஞ்சி போற வழியில இருக்கிற சேத்துப்பட்டு. ஆரணி அப்பவே போயிடுச்சி. நீங்க கொறட்டை வுட்டுகினு வந்தீங்க. ரெண்டு தபா எழுப்பினேன்."

"எழுப்பியபோது நான் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னீங்க. 'ஆஃப்சைடு'ன்னீங்க."

திரும்பி ஆரணிக்கு வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரவுச் சாப்பாடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையில். எங்கள் ஊரில் பிரியாணிக்கு வெள்ளரிக்காயும் அன்னாசியும் போட்ட புளிப்பு அச்சார் வைப்பார்கள். இங்கே கத்திரிக்காயைக் குழையக் குழைய வேகவைத்த ஒரு குழம்பு. முதல் வாயில் சந்தேகப்பட்டேன், மூன்றாவது வாயில் இரண்டாவது கிண்ணம் கேட்டேன். பரிமாறியவர் நான் வெளியூர் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"பட்டு எடுக்க வந்தீங்களா சார்?"

"இல்லை. ஒரு கோல்கீப்பர் கோச்சைப் பார்க்க வந்தேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, வழி தவறியவனிடம் பேசுகிற இரக்கத்தோடு சொன்னார்: "இங்க பட்டுதான் சார் பேமஸு."

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் சேவூர். தெருவில் இறங்கி தாமோதரன் வீடு எது என்று கேட்டால், "எந்த தாமோதரன்?" என்றார் பால்காரர். கால்பந்து என்றேன். "அடடே, கோலி தாமுவா? தறிச் சத்தம் கேக்குற வூடு" என்றார். அந்தத் தெருவில் தறிச் சத்தம் கேட்காத வீடு ஒன்றும் இல்லை. நான்கு வீட்டில் ஏறி இறங்கினேன். நான்கு வீட்டிலும் உட்காரச் சொல்லிச் சேலையை விரித்தார்கள்.

ஐந்தாவது வீட்டில் ஒருவர் தறிக்குழிக்குள் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கோல்கீப்பர் பயிற்சியாளர் என்றால் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம் என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. குழிக்குள் இருப்பதால்தான் சின்னதாகத் தெரிகிறார் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவர் எழுந்து வெளியே வந்தார். புதிதாகப் பார்க்க அதிகம் எதுவும் இல்லை. என் தோளுக்கு வந்தார்.

"வாங்க சார், வாங்க. கற்பகம், சேர் எடு."

அவருடைய மனைவி கற்பகம் பக்கத்துத் தறியில் இருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "மலேசியா சாரா? போன்ல கொரல் பெருசா இருந்திச்சி" என்றார். உயர விஷயத்தில் ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

எங்கள் கழகம் தயாரித்த கேள்வித்தாளை எடுத்தேன். முதல் கேள்வி: உங்கள் பயிற்சித் தத்துவம் என்ன?

"இன்னா சார்?"

"அதாவது, எப்படிப் பயிற்சி கொடுப்பீர்கள்?"

"கீப்பர்னா கோல் வாங்குவான் சார். எங்க வாங்குறான்னு பாக்கணும். அவ்ளோதான்."

அதற்காக அவர் செய்திருந்த ஏற்பாட்டைக் கேட்டேன். கோல் வலையில் சாணுக்கு ஒரு இடமாக, தறியில் மீந்த பட்டு நூலை நிறம் நிறமாக முடிந்து வைத்திருக்கிறார். அகலத்தில் முப்பத்திரண்டு சாண், உயரத்தில் பதினொன்று. பந்து எந்த முடிச்சில் படுகிறதோ அதைச் சேலை டிசைன் போடுகிற கட்டத்தாளில் குறித்துக்கொள்வார். கோல் ஆனால் சிவப்புப் புள்ளி, கீப்பர் தடுத்தால் மஞ்சள் புள்ளி. வாரத்துக்கு ஒரு தாள். தேதி, கீப்பர் பெயர், அந்த வாரம் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் ஓரத்தில். பவித்ரா என்ற பெண்ணுக்கு நாற்பது வாரம் விடாமல் இப்படி எழுதியிருக்கிறார்.

நான் கேள்வித்தாளை மூடி வைத்தேன். எங்கள் உயிர்காப்பாளர் ஏழு மாதத்தில் எழுதியது ஒரே ஒரு கடிதம்; விசில் துருப்பிடித்துவிட்டது, புதிது வேண்டும் என்று.

"அந்த நாற்பது தாளையும் எடுங்கள். அதுதான் நான் தேடி வந்த பதிவேடு."

கற்பகத்தின் தறி நின்றது. தாமோதரன் மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார் கற்பகம்.

"இல்லையா?"

"நான்தான் தூக்கிக் குடுத்துட்டேன். இவரு டிசைன் தாளையும் பந்து தாளையும் ஒரே மாதிரி கவர்ல வெச்சிகினு இருந்தாரு. டிசைன் பாபு வண்டியில வந்து, 'அக்கா, ஜல்தியா குடுங்க, பார்டர் எது'ன்னாரு. ஒரு கவரை எடுத்துக் குடுத்தேன். தறியில ஏத்தி நெய்யும்போதுதான் தெரிஞ்சிது."

"மேல 'பவித்ரா'ன்னு எழுதியிருந்தேனே" என்றார் தாமோதரன்.

"சேலைக்குத்தான் பேரு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

கட்டத்தாள் டிசைனைக் கணினியில் ஏற்றித் தறிக்குத் தருகிறவர் இந்த டிசைன் பாபு; தாள் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று பார்க்க நாங்கள் மூவரும் அவர் கடைக்குப் போனோம். கணினி, ஸ்கேனர், ஒரு மின்விசிறி, அதற்கு நேர் கீழே பாபு. முன்பெல்லாம் டிசைனுக்கு அட்டையில் துளை போட்டுத் தறிக்கு மேல் மாட்டுவார்களாம். இப்போது பென் டிரைவ். நாற்பது தாளையும் ஒரே பார்டராகச் சேர்த்துவிட்டதாக பாபு பெருமையோடு சொன்னார்.

"ஒரு சேலை நீளத்துக்கு ரிப்பீட்டே இல்லாத பார்டர் சார். கோலி அண்ணன் பெருசா யோசிச்சிருக்காருன்னு நெனச்சேன்."

"தாளெல்லாம் எங்கே?"

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்."

"ஸ்கேன் செய்தது?"

"இருக்குது சார்." திரையில் காட்டினார். புள்ளிகள் இருந்தன. தேதி இல்லை, பெயர் இல்லை, ஒரு எழுத்து இல்லை. "கிறுக்கலா இருந்திச்சி, எல்லாத்தையும் சுத்தம் பண்ணி அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். எட்டு மணி நேரம் வேலை."

தாமோதரன் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, நல்ல வேலை பாபு என்று முணுமுணுத்தார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனைப் பாராட்டியதா, அல்லது மனம் உடைந்து சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்குத் தெரியாத விஷயங்களின் வரிசையில் அது ஆறாவதோ ஏழாவதோ.

திரும்பி வந்ததும் கற்பகம் பீரோவைத் திறந்து ஒரு சேலையை எடுத்து வந்தார். ஒரு பாவில், அதாவது தறியில் ஒரு தடவை நீட்டிக் கட்டுகிற நூலில், மூன்று சேலை வரும். இரண்டு விற்றுவிட்டது, கடைக்காரர் 'மழைத்துளி' என்று பெயர் வைத்து இன்னும் கேட்கிறாராம். மூன்றாவது இது. பாக்கு நிறத்தில் உடல், மயில் நீலத்தில் பார்டர். தாளில் சிவப்பாக இருந்தது சிவப்புப் பட்டாகவும், மஞ்சளாக இருந்தது ஜரிகையாகவும் விழுந்திருந்தன. பாயில் விரித்தார். உள்ளே செருகுகிற முனையில் ஒரே சிவப்பு, அதுவும் கீழ் இடது மூலையில் கும்பல் கும்பலாக. முந்தானைப் பக்கம் போகப் போகச் சிவப்பு குறைந்து ஜரிகை ஏறியது. கடைசி ஒரு முழத்தில் சிவப்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் வாழ்க்கையில் பார்த்த எந்தப் பதிவேடும் இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை. எந்தப் பதிவேட்டிலும் இவ்வளவு குறைவாக எழுதியிருந்ததும் இல்லை.

"இதைக் கொண்டுபோனா ஒத்துக்குவாங்களா சார்?" என்று கேட்டார் தாமோதரன்.

"தேதி இல்லை. பெயர் இல்லை. எங்கள் தலைவர் இதைச் சேலை என்றுதான் சொல்வார்."

"சேலைதானே சார்" என்றார் அவர். முனையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "நம்ம பக்கம் கோல்கீப்பர் கோச்சுன்னு தனியா யாரும் ஆள் வெக்கிறது இல்லீங்க. பந்து பொறுக்கிப் போடுறவன்னு நெனைக்கிறாங்க. அந்தப் பேருல ஒரு வேலை, ஒரே ஒரு தபா பாத்துடணும்னு இருந்திச்சி."

கற்பகம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வருசம் போய்ட்டு வரட்டும் சார். ரெண்டு தறியையும் நான் பாத்துக்குவேன். இங்க இருந்தாலும் பாதி ஆளு ரெண்டு கம்பத்துக்கு நடுவுலதான் நின்னுகினு இருக்காரு."

மூன்றாம் நாள் காலை மைதானம். தாமோதரனோடு கற்பகமும் சேலையை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துடையது. அங்கே உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் ஜெபராஜ் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் தே தாரிக்கை இரண்டு குவளையில் நீட்டி நீட்டி ஆற்றுவார்கள். இங்கே அதே வித்தையை ஒரு கையிலேயே செய்கிறார்கள், அளவு மட்டும் நான்கில் ஒரு பங்கு. ஜெபராஜ் சாரிடம் ஓர் அனுபவக் கடிதம் கேட்டேன்.

"தாமு எங்க ஸ்டாஃப் இல்லீங்களே. ஸ்கூல் லெட்டர்பேட்ல எப்படித் தர்றது? காலையில ஆறு மணிக்கு கேட்டைத் தொறந்து வுடுவேன். அதுக்கு லெட்டர் வேணும்னா தரேன்."

கேட் திறக்கப்பட்டதற்கான சான்றிதழை எங்கள் செயற்குழு எந்தக் கோப்பில் வைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மறுத்துவிட்டேன்.

அப்போது பவித்ரா ஸ்கூட்டியில் வந்தாள். கல்லூரி அணியின் கீப்பர். வந்ததும் கற்பகத்தின் கையில் இருந்த சேலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது இன்னும் வெச்சிருக்கீங்களாக்கா? என் கோல் எல்லாத்தையும் ரெண்டு பேரு கட்டிகினு கல்யாணத்துக்குப் போறாங்க. பேஜாரா இருக்குது."

"உன் மோசமான வாரம்லாம் இடுப்புல செருகிடுவாங்கடி. யாருக்குத் தெரியப் போவுது?"

"கொசுவத்துல இருக்கிறது?"

எனக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளில் வீட்டுச் சாவி பத்திரமாக இருக்கட்டும் என்று தபால் பெட்டிக்குள் போட்டதற்கு அடுத்தபடி இதுதான் தைரியமானது. பவித்ராவைத் தூரத்துக் கோல் கம்பத்துக்கு அனுப்பினேன். தாமோதரனிடம் பார்டரில் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, இது எந்த வாரம் என்று கேட்டேன்.

விரலால் தடவிப் பார்த்தார். "இது ஆறாவது வாரம் சார். மழை. பந்து வழுக்கிச்சி. பாருங்க, தலைக்கு மேல வந்ததெல்லாம் சிவப்பு."

பிறகு அவரை அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டு அதே இடத்தைக் காட்டினேன். "மழை வாரம். கிளவுஸ் நனைஞ்சி போச்சி" என்றாள். இப்படி எட்டு இடம் கேட்டேன். ஏழில் இருவரும் ஒரே கதை சொன்னார்கள். எட்டாவதில் அவர் கோல் என்றார், அவள் கம்பத்தில் பட்டு வெளியே போனது என்றாள். இருவரையும் பக்கத்தில் நிறுத்தியதும் சண்டை வந்துவிட்டது.

"கோல்தான். நான் கண்ணால பாத்தேன்."

"நீங்க பந்தைப் பாக்கல மாஸ்டர், தாளைப் பாத்துகினு இருந்தீங்க."

அந்தச் சண்டையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டவர்கள் எட்டிலும் ஒத்துப்போயிருப்பார்கள்.

அப்படியும் ஓர் இடம் உறுத்தியது. கொசுவம் வரும் பகுதியில் அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல் புள்ளியே இல்லை. வெறும் நீலம். ஒரு தாளின் அகலம். இது பாபுவின் தவறா என்று கேட்டேன்.

"இல்லீங்க. அந்தத் தாளு அப்படித்தான். பாபு டிசைன்ல கைவெக்க மாட்டாரு, காலியா இருந்தா காலியாத்தான் வுடுவாரு. அந்த வாரம் பந்தே இல்ல சார். விழறதுக்கு மட்டும் சொல்லிக்குடுத்தேன்."

பவித்ரா பாவாடை மடிப்பு மாதிரி உதட்டைச் சுருக்கினாள். "ஆறு நாளு. விழுந்துகினே இருந்தேன். பந்தைத் தொடக்கூட வுடல."

"கீழ் இடது மூலைக்குப் பாயமாட்டா சார். பாய்ஞ்சாலும் தரை வர்றதுக்கு முன்னாடி கையை ஊணிடுவா. பயம். கை தரைக்குப் போனா பந்துக்கு யாரு போறது? அதான் பந்தை எடுத்துட்டேன்." விரலை நகர்த்தினார். நீலத்துக்கு இந்தப் பக்கம் மூலையில் சிவப்புக் கும்பல். அந்தப் பக்கம் முதன்முதலாக அதே மூலையில் மூன்று ஜரிகைப் புள்ளி.

என் விரல் அந்த வெறும் நீலத்திலேயே நின்றது. தாமோதரன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எந்த பொசிஷன் சார்?"

முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு நான் 'நடுக்களம்' என்று பொய் சொல்லி வருகிறேன். அன்று ஏனோ உண்மை வந்துவிட்டது. "கீப்பர். ஒரே ஆட்டத்தில் ஒன்பது வாங்கியவன். ஒன்றுக்குக்கூட விழவில்லை. ஆட்டம் முடிந்தபோது என் உடை மட்டும் சலவையிலிருந்து வந்தது மாதிரி இருந்தது."

"பயமா?"

"சட்டை புதுசு என்று எல்லாரிடமும் சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. கோலுக்குப் பின்னாலிருந்து இரண்டு கோணிப்பையை எடுத்து வந்து போட்டார். உள்ளே வைக்கோல். முதலில் என்னை மண்டியிட வைத்துச் சாயச் சொன்னார். பிறகு குந்தியபடி. பிறகு நின்றபடி. "முட்டி, இடுப்பு, தோளு. இந்த வரிசையில தரையைத் தொடணும் சார். கையைக் குடுக்காதீங்க. கை பந்துக்கு." கையில் பந்துக்குப் பதிலாக என் தோள்பையைக் கொடுத்தார். அதில் கடவுச்சீட்டு இருந்தது. முதல் ஐந்து தடவை உரித்த பலாப்பழம் மாதிரி விழுந்தேன். பவித்ரா வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கினாள். கற்பகம் திரும்பாமலேயே சிரித்தார். ஜெபராஜ் சார் போய் இன்னொரு டீ சொன்னார்.

ஆறாவது தடவை தரை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. வலிக்கவில்லை. பை என் நெஞ்சோடு இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், இரத்த அழுத்த மாத்திரை சட்டைப்பையில் கிலுகிலுக்க, நான் விழக் கற்றுக்கொண்டேன்.

கிளம்பும்போது சேலைக்கு விலை கேட்டேன். கற்பகம் விலையைச் சொல்லிவிட்டு, "இது உங்க வூட்டம்மாவுக்கு. சர்ட்டிபிகேட்டு அதுகூட இனாம்" என்றார்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்து, இது என்ன என்று மலாய் மொழியில் கேட்டார். சான்றிதழ் என்றேன். அவர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிக் கொடுத்துவிட்டார். நான் என்ன சொல்லவருகிறேன் என்று கேட்டால் தன் சாப்பாட்டு நேரம் போய்விடும் என்று கண்டுகொண்ட முகம்.

வீட்டில் மனைவி சேலையை வாங்கித் தோளில் போட்டுப் பார்த்து, "பரவாயில்லையே, உங்களுக்கும் கண்ணு இருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரை அது கழகத்தின் ஆவணம் என்று சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கசங்கிக் கொண்டாந்தீங்கன்னா பாருங்க."

கழக அறை ஒரு மோட்டார் பட்டறையின் மாடி. ஐந்து பேர். மேசையில் தலையணைக் கோப்பு ஏற்கெனவே இருந்தது. அதன் பதிவேட்டை எனக்கும் காட்டினார்கள். வாரம் தவறாமல், நாள் தவறாமல், நாளுக்கு இருபது பந்து. தீபாவளி அன்றைக்கும் இருபது.

நான் சேலையை நீளமாக விரித்தேன். பாபு, மழை வாரம், எட்டாவது இடத்துச் சண்டை, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படியாக இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"தேதி எங்கே?"

"பாபு சுத்தம் செய்துவிட்டார்."

"பேரு?"

"அதையும்தான்."

"நீ ஏற்கெனவே ஒரு தடவை உயிர்காப்பாளரைக் கொண்டாந்த. இப்ப சேலையைக் கொண்டாந்திருக்க லா." விரலால் பார்டரைத் தடவிக்கொண்டே போனவர் வெறும் நீலத்தில் நின்றார். "இது என்ன? வேலைக்கு மட்டம் போட்ட வாரமா?"

முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஒன்பது கோல் ஆட்டத்தில் எனக்கு முன்னால் இடது பக்கம் தடுத்து ஆடியவர் இந்தத் தலைவர்தான். ஒவ்வொரு கோலுக்கும் திரும்பிப் பார்த்து, "விழுடா, விழுடா" என்று கத்தியவர். ஒன்பது தடவையும் நான் நின்றுகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் அந்த அறையில் இருந்த ஒரே சாட்சி.

அவருக்கு வாயால் சொல்லி விளங்கவைக்க என்னால் முடியாது என்று தோன்றியது. சேலையை மடித்து எடுத்தேன். நாற்காலியை நகர்த்தினேன். மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே ஆறடி சிமெண்டுத் தரை. கோணிப்பை இல்லை, வைக்கோல் இல்லை. சேலையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் விழுந்தேன்.

முட்டி, இடுப்பு, தோள்.

கீழே பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. யாரோ, "மேல என்ன விழுந்துச்சு?" என்று கேட்டார்கள். தரையில் படுத்தபடி நான் முதலில் பார்த்தது கையில் இருந்த சேலையைத்தான். தரையைத் தொடவில்லை. ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

தலைவர் மேசைக்கு மேலாக எட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாள்ல கத்துக்கிட்ட?"

"ஒரு காலை."

அவர் உட்கார்ந்தார். தலையணைக் கோப்பை மூடி ஓரமாகத் தள்ளினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கையை நீட்டிப் பேனா கேட்டார்.